ஐந்து எழுத்து முதலியார்

கேள்வி: விப்ரோ அசிம் பிரேம்ஜி கோடி கோடியாக அள்ளிக் கொடுக்கிறார். பெங்களூரில் காசு பார்த்த தமிழர்களில் அப்படி ஒருவராவது உண்டா?
- ஒரு வாசகர், அல்சூர்

பதில்: உண்டு. அவர் பெயரை நீங்களே பலமுறை சொல்லியிருப்பீர்கள். ஏரிப் பக்கம் போக ஆட்டோக்காரரிடம் 'ஆர்.பி.ஏ.என்.எம். மைதானம்' என்கிறீர்களே, அந்த ஐந்து எழுத்தைப் பிரித்துப் பாருங்கள்: ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். கப்பன் பூங்காவில் சிவப்பாக நிற்கிறதே அட்டாரா கச்சேரி, இன்றைய உயர் நீதிமன்றம், அதை 1860களில் கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டியவர் அவர்தான். சம்பாதித்த காசில் 1873-ல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச ஆங்கிலப் பள்ளி திறந்தார். இங்கிலீஷ் தெரிந்தால்தான் கன்டோன்மென்ட்டில் குமாஸ்தா வேலையாவது கிடைக்கும் என்றிருந்த காலம். அதைக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தது அன்னதானத்துக்குக் குறைந்ததா என்ன? அவர் தொடங்கிய கல்வி அறக்கட்டளை இன்றும் பள்ளி, கல்லூரி என்று நடக்கிறது.

சரி, பிரேம்ஜிக்கு வருவோம். 1966-ல் அப்பா தவறியபோது அவருக்கு வயது 21. ஸ்டான்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மகாராஷ்டிராவில் அமல்னேர் என்ற சின்ன ஊரின் வனஸ்பதி ஆலையைக் கவனிக்க வந்தார். டால்டா மாதிரிச் சரக்கு விற்ற கம்பெனி கம்ப்யூட்டருக்குத் தாவியது தனிக்கதை. 2001-ல் அறக்கட்டளை, 2019-க்குள் அதற்கு எழுதி வைத்தது 1.45 லட்சம் கோடி ரூபாய். இந்தத் தொகைக்கு எத்தனை பூஜ்யம் என்று எனக்கு எண்ணத் தெரியாது, முட்டையை எண்ணத் தெரியும். கர்நாடக அரசுப் பள்ளிகளில் அரசு செலவில் வாரத்துக்கு 2 நாள் முட்டை. 2024 முதல் மீதி 4 நாளும் அவர் அறக்கட்டளையின் செலவு. சத்துணவு முட்டை சாப்பிட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

பிரேம்ஜி குஜராத்திக் குடும்பம், பிறந்தது பம்பாயில். ராய்ச்சூர்ப் பக்கம் அந்த முட்டையை உரித்துச் சாப்பிடும் பிள்ளைகளில் குஜராத்தி எத்தனை பேர் என்று அவர் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. நாம்தான் 'நம்ம ஆள் உண்டா' என்று கேட்கிறோம். இருந்த ஆளை இனிஷியலாகச் சுருக்கி மைதானத்தில் போட்டதும் நாம்தான்.

அடுத்த முறை அங்கே பொருட்காட்சிக்குப் போனால், டெல்லி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அந்த ஐந்து எழுத்தையும் பிள்ளைகளுக்கு விரித்துச் சொல்லுங்கள்.