கப்பல் சுற்றுலாவில் தினமும் கணக்கில் ஏறும் டிப்ஸைக் கட்டியே ஆக வேண்டுமா? அதற்கு மேல் கையிலும் கொடுக்க வேண்டுமா?

கட்டிவிடுங்கள். கழிக்கச் சொல்லிப் போய் நிற்காதீர்கள். அதற்கு மேல் கையில் கொடுப்பது முழுக்க உங்கள் இஷ்டம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மதுரையில் இருந்து நேரடி விமானத்தில் சிங்கப்பூர், அங்கிருந்து நான்கு இரவு கப்பல், பினாங்கு புக்கெட் போய்த் திரும்புவது, பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர். முழுப் பணமும் கட்டி முடித்த பிறகுதான் ஏஜெண்ட் "டிப்ஸ் தனி சார்" என்று மெதுவாக வாயைத் திறந்திருக்கிறார். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் இப்போது சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை போகிறது, சூட் எடுத்தால் அதற்கும் மேலே. 18 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர், நான்கு நாள், 288 டாலர். டாலருக்கு 90 ரூபாய் போட்டால் கிட்டத்தட்ட 26,000 ரூபாய். பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் மாதிரி எதுவும் கிடையாது, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பெரியவர் தொகைதான். கைக்குழந்தைக்கு மட்டும் சில கம்பெனிகள் விட்டுக்கொடுக்கின்றன.

26,000 என்றதும் வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் காசில் ராமேசுவரமும் கன்னியாகுமரியும் குடும்பத்தோடு சுற்றி வந்துவிடலாம் என்று என் வீட்டில் சொன்னார்கள், தப்பில்லாத கணக்குதான். ஆனால் கப்பலுக்குப் போவது என்று முடிவு செய்தாகிவிட்டது என்றால் இந்தத் தொகையை டிக்கெட் விலையோடு கூட்டி, அதுதான் உண்மையான விலை என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு இரவு குறைவான பயணமாக எடுங்கள்.

இந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டால், அறையைச் சுத்தம் செய்பவர், சாப்பாட்டு மேசையில் பரிமாறுபவர், அவருக்குக் கைகொடுக்கும் உதவி வெயிட்டர், பல கம்பெனிகளில் நம் கண்ணிலேயே படாமல் கீழ்த்தளத்தில் துணி வெளுப்பவர் வரைக்கும் பங்கு பிரிகிறது. கேப்டனுக்கும் ஆபீசர்களுக்கும் இதில் சம்பந்தமில்லை, அவர்களுக்கு யாரும் டிப்ஸ் நீட்டுவதும் இல்லை.

என் சித்தப்பா மகன் உசிலம்பட்டிக்காரன், மதுரையில் கேட்டரிங் படித்துவிட்டு இப்போது ஒரு கப்பலில் அறைப் பணியாளராக இருக்கிறான். கான்ட்ராக்ட் ஏழெட்டு மாதம். சைன் ஆன் செய்த நாளில் இருந்து ஊருக்கு விமானம் ஏறும் வரைக்கும் ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை, சித்திரைத் திருவிழாவை போனில்தான் பார்ப்பான். 2006ல் உருவாகி 2013ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. கடலில் வேலை செய்பவருக்கு நாளைக்குக் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது அதில் உள்ள அளவுகளில் ஒன்று. வாரத்துக்கு 168 மணி நேரம், கழித்துப் பாருங்கள், 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் அந்த அளவின்படி குற்றமில்லை. அதே உடன்படிக்கைதான் வேலையில் சேர்த்துவிடுவதற்கு ஆளிடம் கட்டணம் வாங்கக் கூடாது, மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், கடலோடி என்பதற்கான பதிவுப் புத்தகம் இவற்றின் செலவு மட்டும் அவனுடையது என்கிறது. ஆனால் இவனிடம் ஒரு ஏஜெண்ட் நல்ல தொகையாகவே வாங்கினார், சித்தி நகையை அடகு வைத்துக் கொடுத்தார், அந்த நகையை மீட்டது அடிப்படைச் சம்பளத்தில் இல்லை, இந்த டிப்ஸ் பணத்தில். (கப்பல் வேலைக்குப் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஏஜெண்டிடம் கப்பலுக்கு ஆள் எடுப்பதற்குக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் கொடுக்கும் ஆர்.பி.எஸ்.எல் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

சரி, சம்பளம் கொடுக்க வேண்டியது கம்பெனிதானே, நாம் ஏன் கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. இந்தக் கப்பல்களில் பல பஹாமாஸிலும் பனாமாவிலும் பதிவாகி அந்த நாட்டுக் கொடியைக் கட்டிக்கொண்டு ஓடுகின்றன, தலைமை ஆபீஸ் அமெரிக்காவில் இருந்தாலும் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி இந்தப் பணியாளர்களுக்குக் கிடைப்பதில்லை. அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்து, மீதியை டிப்ஸ் என்று பிரித்து நம் தலையில் கட்டுகிறார்கள், ஏனென்றால் டிக்கெட்டோடு சேர்த்தால் விளம்பரத்தில் விலை கூடித் தெரியும். எனக்கு இதில் கம்பெனிகள் மேல் கோபம்தான். இங்கிலாந்தின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே மாதத்தில் இருந்து தினசரி டிப்ஸையே எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கட்டணத்துக்குள் கொண்டுவந்தது, அதனால் எந்தக் கப்பலும் மூழ்கிவிடவில்லை. மனசு வைத்தால் முடியும். ஆனால் நாம் போய்க் கழிக்கச் சொன்னால் அடி விழுவது கம்பெனி மேல் இல்லை, கீழே துணி வெளுப்பவர் மேல்.

நம் ஊர் ஓட்டல்களில் சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்றது. இதைப் படித்துவிட்டுக் கப்பலிலும் போய்ச் சட்டம் பேசுபவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் அதெல்லாம் எடுபடாது.

சட்டம் பேசாமலே கழிக்க முடியுமா என்றால், பல கப்பல்களில் முடியும், வரவேற்பு மேசையில் போய்ச் சொன்னால் குறைப்பார்கள் அல்லது எடுத்துவிடுவார்கள், சில கம்பெனிகளில் பயணம் முடிந்த பிறகு எழுதிக் கொடுத்துத்தான் திரும்ப வாங்க முடியும். "நாங்களே நேரில் கையில் கொடுத்துக்கொள்கிறோம்" என்று நம் ஆட்கள் அங்கே வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். கையில் கொடுப்பது எல்லாம் கண் முன்னால் வந்து நிற்கும் இரண்டு பேருக்குத்தான். போதாததற்கு, கணக்கில் டிப்ஸை எடுத்துவிட்ட பயணி கையில் கொடுக்கும் பணத்தைப் பணியாளர் பொதுப் பங்கில் ஒப்படைக்க வேண்டும் என்று சில கம்பெனிகளில் விதியே இருக்கிறது. வேலை நிஜமாகவே மோசம், அறையைச் சுத்தமே செய்யவில்லை என்றால் அன்றைக்கே வரவேற்பு மேசையில் சொல்லுங்கள். "குறை இருந்தா சொல்லச் சொல்லுங்கண்ணே, சரி பண்ணிருவோம், கடைசி நாள் காசுல காட்ட வேணாம்" என்பான் என் தம்பி.

இனி மேற்கொண்டு கையில் கொடுப்பது. நம்ம ஊர் மெஸ்ஸில் கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றும் அண்ணனுக்குப் பில் தட்டில் இருபது ரூபாய் வைக்கிறோமே, அந்த மனநிலையில் கொடுத்தால் போதும். நான்கு இரவுக்கு அறைப் பணியாளருக்கு 10 முதல் 20 டாலர், மேசையில் உங்களை நன்றாகக் கவனித்தவருக்கும் அதே மாதிரி. கொடுக்காவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பிள்ளைக்குத் தினமும் சூடாகப் பால் வேண்டும், பாட்டிக்குப் பூண்டு வெங்காயம் இல்லாத சாப்பாடு வேண்டும் என்று கூடுதல் வேலை வைக்கப் போகிறவர்கள் கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காமல் முதல் நாளே கொஞ்சம் கொடுத்துவிடுவது நல்லது. மதுரையில் பணம் மாற்றும்போதே ஐந்தும் பத்துமாக டாலர் நோட்டு கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் நூறு டாலர் நோட்டாகத் தள்ளிவிடுவார்கள். சில்லறைக் காசு வேண்டாம், வெளிநாட்டுக் காசை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். ரூபாய் நோட்டும் வேண்டாம். உங்கள் அறைக்கு வருபவர் இந்தோனேசியாக்காரராகவோ பிலிப்பைன்ஸ்காரராகவோ இருப்பார், நம் நூறு ரூபாயை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் கருத்துப் படிவம் வரும், பெரும்பாலும் நாம் திறப்பதே இல்லை. அதில் பெயரைக் குறிப்பிட்டு இரண்டு வரி நல்லதாக எழுதினால் பதவி உயர்வு நேரத்தில் அது பேசும் என்று தம்பி அடித்துச் சொல்கிறான். பணியாளரின் பெயர் அவர் சட்டைப் பட்டையில் இருக்கும், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை.

பாரில் வாங்கும் பானம், தனியாகக் காசு கொடுத்து வாங்கும் காபி, மசாஜ் இவற்றுக்கு வேறு கணக்கு. விலையோடு 18 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் ஏற்கனவே ஏறித்தான் சீட்டு வரும். அதே சீட்டில் அடியில் கூடுதல் டிப்ஸ் எழுத இன்னொரு காலிக் கோடும் இருக்கும், பலர் அதில்தான் ஏமாந்து இரண்டாவது முறை எழுதுகிறார்கள். அந்தக் காலி இடத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பினாங்கிலும் புக்கெட்டிலும் கரையில் சுற்றிக் காட்டும் வழிகாட்டியும் வேன் டிரைவரும் கப்பல் கணக்கில் வர மாட்டார்கள், அவர்களுக்குத் தனியாகக் கொடுங்கள், சின்னத் தொகை போதும். சென்னையில் இருந்து 2022ல் ஓடத் தொடங்கிய கார்டீலியா மாதிரி இந்தியக் கம்பெனிக் கப்பலில் போவதாக இருந்தால் மேலே சொன்ன டாலர் கணக்கு பொருந்தாது, புக்கிங் சீட்டில் சர்வீஸ் சார்ஜ் என்று தனி வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினசரி டிப்ஸைப் பல கம்பெனிகளில் முன்கூட்டியே கட்டலாம், உங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், கப்பலில் ஏறிய பிறகு வீட்டுக்குள் அந்தப் பேச்சே வராது. முன்கூட்டியே கட்டியிருந்தால் கப்பல் கணக்கில் மறுபடியும் ஏறியிருக்கிறதா என்று இறங்குவதற்கு முந்தின இரவே அறை டிவியிலோ போன் ஆப்பிலோ பார்த்துவிடுங்கள். இறங்கும் நாள் காலையில் வரவேற்பு மேசை வரிசை அவ்வளவு நீளம், அதில் நின்றால் காலைச் சாப்பாடு போச்சு.