பேய் பட ட்ரெய்லர் எடுக்கிற மாணவர்களுக்கு கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு நிமிஷ ஹாரர் ட்ரெய்லர், போன்லதான் எடுக்கிறோம். ரூம்ல லைட்ட ஆஃப் பண்ணி எடுத்தா படம் பூரா புள்ளி புள்ளியா வருது. என்ன பண்றது?

பதில்: லைட்ட ஆஃப் பண்ணதுதான் பிரச்சனை. இருட்டா தெரியணும்னாலும் லைட் வேணும்ப்பா. வெளிச்சம் பத்தலன்னா போன் தானாவே ஐஎஸ்ஓவ, அதாவது வெளிச்சத்த உணர்ற திறன, ஏத்திடும், அந்த புள்ளியெல்லாம் அதோட நாய்ஸ்தான், எடிட்ல துடைக்கப் போனா முகம் மெழுகு மாதிரி ஆயிடும். ஒரே ஒரு லைட்ட ஆளுக்குப் பின்னாடி பக்கவாட்டுல வைங்க, முடி, தோள், கன்னத்து ஓரம் இது மேல மட்டும் விழட்டும், மத்ததெல்லாம் தானா கறுப்பாகும். தூரத்துல ஒரு கதவிடுக்குலயோ ஜன்னல்லயோ கொஞ்சம் வெளிச்சம் கசிஞ்சா இன்னும் நல்லது, அத வச்சுதான் கண்ணுக்கு மத்த இடம் இருட்டுன்னு உறைக்கும். எக்ஸ்போஷர, அதாவது படத்தோட வெளிச்ச அளவ, லாக் பண்ணி ஒரு படி இறக்கிடுங்க, இல்லன்னா டார்ச் கேமரா பக்கம் திரும்புறப்பல்லாம் படம் மங்கி மங்கி வரும். செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் வாங்குற நேரம்) 1/50 செகண்ட் வைங்க. கரண்ட் 60 ஹெர்ட்ஸா இருக்கிற நாட்டுல லைட் மினுக்கினா 1/60 வைங்க.

கேள்வி: எந்த கேமரா வாங்கலாம் ப்ரோ?

பதில்: இருக்கிற போன் போதும். அந்தக் காச மைக்ல போடுங்க.

கேள்வி: ராத்திரி ஹாஸ்டல்ல வெளிய விடமாட்டாங்க. பகல்ல எடுத்துட்டு ராத்திரியா மாத்த முடியுமா?

பதில்: முடியும், ஆனா எடுக்கும்போதே யோசிச்சு எடுக்கணும். வானம் ஃப்ரேம்ல வரவே கூடாது, வந்தா எந்த கலர் கரெக்‌ஷனாலயும் காப்பாத்த முடியாது. சூரியன் ஆளுக்குப் பின்னாடி இருக்கட்டும், அது நிலா வெளிச்சம் மாதிரி ஓரத்துல விழும், முகம் நிழலுக்குப் போயிடும். ஒயிட் பேலன்ஸ் (படத்தோட நிறச் சாயல மாத்துற செட்டிங்) 3200 கெல்வின் வச்சா நீலம் ஏறும், எக்ஸ்போஷர் ரெண்டு ஸ்டாப் வரைக்கும் குறைங்க, ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும். எரியாத தெருவிளக்கு ஃப்ரேம்ல மாட்டினா உடனே குட்டு வெளிப்பட்டுடும்.

கேள்வி: லேப்டாப்ல ஹெட்செட் போட்டு கேட்டா பயங்கரமா இருக்கிற பேஸ் சத்தம் போன்ல காணவே காணோம்!

பதில்: நல்ல கேள்வி. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற ஆழமான சத்தத்த போன் ஸ்பீக்கரால சரியா தர முடியாது, உங்க ட்ரெய்லர பெரும்பாலும் போன்லதான் பார்ப்பாங்க. அதனால அதே சத்தத்த காப்பி எடுத்து லேசா டிஸ்டார்ஷன் (கரகரப்பாக்குற எஃபெக்ட்) கொடுத்து மேல ஒரு லேயரா வைங்க, மேல் ஸ்வரங்கள் வந்துடும், காது கீழ இருக்கிறதையும் சேர்த்து உணரும். மூச்சு, காலடி, கதவு எல்லாத்தையும் மைக்க கிட்ட வச்சு தனியா ரெக்கார்ட் பண்ணுங்க. ஒவ்வொரு இடத்துலயும் யாரும் பேசாம 30 செகண்ட் ரூம் டோன், அதாவது அந்த இடத்தோட சும்மா இருக்கிற சத்தம், எடுங்க, பயமுறுத்தறதுக்கு முன்னாடி வர்ற அமைதிக்கு அதுதான் அடித்தளம். வெறும் சைலன்ஸ் வச்சா ஆடியோ கட் ஆயிடுச்சுன்னு நினைப்பாங்க.

கேள்வி: பேய ட்ரெய்லர்ல காட்டலாமா?

பதில்: வேணாம். பேயப் பாக்கிற கேரக்டரோட பயத்த மட்டும் காட்டுங்க.

கேள்வி: அது எப்படிண்ணா, மேக்கப்புக்கே பாதி நாள் போச்சு, காட்டாம விடச் சொல்றீங்க?

பதில்: உழைப்பு புரியுது. ஆனா முழுசா பார்த்துட்டா அது மேக்கப்னு தெரிஞ்சிடும், அப்புறம் பயம் போயிடும். ஒரு கை, கண்ணாடியில ஒரு நிழல், 12 ஃப்ரேம், அதாவது அரை செகண்ட், போதும்.

கேள்வி: நான் ஒத்துக்கமாட்டேன். எங்களுக்கு படமே கிடையாது, ட்ரெய்லர் மட்டும்தான் ப்ராஜெக்ட். அப்ப எதுக்கு மிச்சம் வைக்கணும்?

பதில்: இது நியாயமான வாதம், இதுக்கு என் முதல் பதில மாத்திக்கிறேன். காட்டுங்க, ஆனா கடைசி ஷாட்ல. முன்னாடி நிக்கிறவங்க ஃபோகஸ்ல, பேய் பின்னாடி மங்கலா, அசையாம. திடுக்குன்னு எந்த சத்தமும் வேணாம். பாக்கிறவங்க தானா கண்டுபிடிச்சா பயம் ரெண்டு மடங்கு.

கேள்வி: அண்ணா இருட்டுல எடுத்தா புள்ளி புள்ளியா...

பதில்: முதல் பதில படிங்க. லைட்ட போடுங்க.

கேள்வி: வீட்டுல இருக்கிற நிஜ கத்தி க்ளோஸப்ல நல்லா மின்னுதே, யூஸ் பண்ணவா?

பதில்: கூடவே கூடாது. மொன்னையான ப்ராப் மட்டும். வெளிய எடுத்தா அக்கம்பக்கத்துலயும் போலீஸ்லயும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

கேள்வி: பெரிய படத்தோட பிஜிஎம் போடலாமா? ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட்தானே?

பதில்: கூடாது. ஸ்டூடண்ட்னு காப்பிரைட் விட்டுக்கொடுக்காது.

கேள்வி: நைட்ல எடுத்தா நாய்ஸ் வருது, ஆப் ஏதாவது...

பதில்: ஆப் வேணாம். லைட்.

கேள்வி: கடைசில லைட் விட்டு விட்டு மின்னுற எஃபெக்ட் வைக்கலாமா?

பதில்: செகண்டுக்கு 3 தடவைக்கு மேல மின்னக்கூடாது, சிலருக்கு வலிப்பு வரும். ஆரம்பத்துலயே எச்சரிக்கை கார்டும் போடுங்க.