முனை மனையில் ஐந்து மாடி வருகிறது, ஸ்டே வாங்கலாமா?

கேள்வி: வடபழனியில் ஆற்காடு சாலைச் சந்திப்பை ஒட்டிய தெருவில், முனைக்கு அடுத்த வீடு எங்களுடையது. 1987-ல் மாமனார் கட்டியது. முனையில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டார்கள், குப்பையை இன்னும் அள்ளி முடிக்கவில்லை. கீழே பார்க்கிங், மேலே ஐந்து மாடி, முழுக்க வாடகைக்கு விடப்போகிறார்களாம். ஏற்கெனவே சிக்னலில் வண்டி நகர்வதில்லை. வெளிச்சம் போய்விடும், யார் யாரோ குடிவருவார்கள், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் இல்லை. எங்கள் சமையலறைச் சுவர் காம்பவுண்டிலிருந்து ஒன்றரை அடிதான். 2009-ல் மகன் கல்யாணத்துக்கு முன்பு மாடி எடுத்தோம், அப்போது யாரும் பிளான் கேட்கவில்லை. இப்போது மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஹைகோர்ட்டில் ஸ்டே கிடைக்குமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது கடைசியில்தான் இருந்தது. 2009-ல் பிளான் இல்லாமல் எடுத்த மாடி. அதைப் படித்ததும் மற்றதையெல்லாம் மடித்து ஓரமாக வைத்துவிட்டேன்.

அந்த மற்றதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2019-ம் ஆண்டு கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் வரை உள்ள கட்டடம் உயரக் கட்டடம் என்ற கணக்கிலேயே வராது. சாலை அகலம், செட்பேக் (மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி), எஃப்.எஸ்.ஐ. (மனை அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கு) எல்லாம் சரியாக இருந்தால் பர்மிஷன் கிடைத்துவிடும், பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் அதற்குத் தேவையில்லை. சிக்னல் நெரிசலை வைத்து ஒருவர் தன் மனையில் கட்டுவதைத் தடுக்க முடியாது. ரெரா விற்பனைக்கான திட்டங்களுக்கு, வாடகைக்கு மட்டும் விடும் கட்டடத்துக்குக் கேட்க மாட்டார்கள். யார் யாரோ வருவார்கள் என்பதை மனுவில் எழுதிவிடாதீர்கள், உங்கள் மாடியிலும் ஒரு குடித்தனம் இருக்கிறது. வெளிச்சம், காற்றுக்கு உரிமை கேட்க 1882 வசதியுரிமைச் சட்டப்படி 20 வருடம் அதை அனுபவித்திருக்க வேண்டும், இழப்பும் கணிசமாக இருக்க வேண்டும். கீழ்த்தளத்து ஜன்னல்களுக்கு வேண்டுமானால் பேசிப்பார்க்கலாம், 2009 மாடிக்கு இன்னும் 20 வருடமே ஆகவில்லை.

சரி, ஸ்டேவுக்கு வருவோம். செட்பேக் மீறல் என்று ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டால், அதிகாரிகள் நேரில் அளந்து அறிக்கை தரட்டும் என்று கோர்ட் சொல்ல நிறைய வாய்ப்பு உண்டு. இதே மாதிரி ஒரு வழக்கில் என் கட்சிக்காரர் காபி போட்டு வைத்துக்கொண்டு அளக்க வருபவர்களுக்காகக் காத்திருந்தார். பக்கத்து மனையை அளந்து முடித்ததும் டேப்பைப் பிடித்திருந்தவர் அப்படியே திரும்பி, "சார், உங்க வீட்டு பிளான் இருக்கா?" என்று கேட்டார். இருக்கவில்லை. கேட்கச் சொன்னது எதிர்த்தரப்பு வக்கீல், பதில் மனுவிலேயே இவர் வீட்டு போட்டோக்களை நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்து இணைத்திருந்தார். அதன் பிறகு வழக்கு அவருடைய வீட்டைப் பற்றியதாகிவிட்டது.

உங்களுக்கும் அதுதான் நடக்கும். நகர் ஊரமைப்புச் சட்டம் 56-வது பிரிவில் நோட்டீஸ் வரும், அடுத்தது லாக் அண்ட் சீல். சொத்து வரி கட்டுகிறோம், தனி இ.பி. மீட்டர் இருக்கிறது என்பீர்கள், எல்லோரும் சொல்வதுதான், அது எதுவும் பர்மிஷன் ஆகாது. பிளான் இல்லாமல் கட்டியதைப் பிறகு வரன்முறைப்படுத்தி சட்டபூர்வமாக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்கான அதே சட்டத்தின் 113-சி பிரிவு 2007 ஜூலை 1-க்குள் கட்டியவற்றுக்கு, நீங்கள் இரண்டு வருடம் தாமதம். இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை, இவ்வளவு செலவழித்துவிட்டோம் என்பதெல்லாம் மீறலைச் சரியாக்கிவிடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் கறாராகச் சொல்லிவிட்டது. பயந்து ரிட்டை வாபஸ் வாங்கினாலும் நோட்டீஸ் வாபஸ் ஆகாது. மகன் பெயரில் போட்டாலும் மாடி அதே வீட்டில்தான் இருக்கிறது.

இன்னொன்று, வாபஸ் வாங்க இத்தனை லட்சம் என்று யாரையாவது விட்டுப் பேச வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வரி போனால் போதும், மிரட்டிப் பணம் பறித்ததாக உங்கள் மேலேயே புகார் வரும். அந்தப் புகாருக்கும் ஒரு முறை ஆஜராகியிருக்கிறேன்.

என்னைக் கேட்டால் சமரசம்தான். உங்களுக்கு நிஜமான ஆபத்து அந்த ஒன்றரை அடியில் இருக்கிறது. அவர்கள் அஸ்திவாரம் தோண்டும்போது உங்கள் பக்கத்து மண் சரிந்தால் சமையலறைச் சுவர் விரிசல் விடும். உங்கள் மண்ணுக்குப் பக்கத்து மண் தரும் தாங்கலைச் சட்டம் ஏற்கிறது, ஆனால் விரிசல் பழையதா புதியதா என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் தோண்டுவதற்கு முன் ஓர் இன்ஜினியரை வைத்து ஒவ்வொரு விரிசலையும் ஸ்கேல் வைத்து, தேதியோடு போட்டோ எடுங்கள். பிறகு ஓனரிடம் நேராகப் போய்ப் பேசுங்கள். மண் சரியாமல் தடுப்பு, பைலை (அஸ்திவாரத் தூணை) அடித்து இறக்காமல் துளை போட்டு இறக்குவது, உங்கள் பக்கம் பாத்ரூம் வென்டிலேட்டர் வைக்காமல் இருப்பது, ராத்திரி கான்கிரீட் போடாமல் இருப்பது, சேதமானால் அவர் செலவில் ரிப்பேர். இவ்வளவையும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வேலை ஒரு மாதம் நின்றால் அவருக்கு வட்டி ஏறும், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

இடித்த குப்பையை இன்னும் அள்ளி முடிக்கவில்லை என்கிறீர்கள். அதற்குள் பேசிவிடுங்கள். ஜேசிபி மண்ணில் இறங்கிவிட்டால் அவர் உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய அவசியமே இருக்காது.