60,000 ரூபாய்க்குள் மாடிச் சூட்டைக் குறைக்க

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையின் சூட்டைக் குறைக்க ஃபால்ஸ் சீலிங் (கூரைக்கு அடியில் தொங்கவிடும் இரண்டாவது கூரை) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை இப்போது தள்ளிவையுங்கள். கையிலிருக்கும் 60,000 ரூபாயை மொட்டை மாடியின் மேற்பரப்புக்கே செலவிடுங்கள்: முதலில் விரிசல் அடைப்பு, பிறகு நீர்க்கசிவுத் தடுப்பு, அதன்மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு.

இரவு பத்து மணிக்கும் அறை வேகிறது என்கிறீர்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவில் அதைக் கீழே இறக்குவதே பெரும்பாலும் காரணம். சீலிங் போட்டாலும் தளம் காய்வது நிற்காது.

இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்டூல் மீது ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தையும், பிறகு மேற்குச் சுவரையும் தொட்டுப் பாருங்கள். சுவர்தான் அதிகம் சுடுகிறது என்றால் பூச்சு மட்டும் போதாது, சுவருக்கு நிழலும் வேண்டும்.

விலை கேட்கும்போது பரப்பளவில் கவனம் தேவை. உங்கள் 40க்கு 25 அடி மாடி 1,000 சதுர அடிதான். ஆனால் 3 அடி உயரக் கைப்பிடிச் சுவரின் உட்புறம் மட்டுமே இன்னும் 390 சதுர அடி வருகிறது! இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் பாதி வேலையில் பணம் தீர்ந்துவிடும்.

தூசியும் பாசியும் படிந்தால் வெள்ளைப் பூச்சின் பலன் குறையும். ஒவ்வொரு கோடைக்கு முன்பும் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் மழையில் கரைந்துவிடும்.