போர் எதிர்ப்புக் கவிதை படைநடைப் பாட்டாக ஒலித்தால்

உங்கள் போர் எதிர்ப்புக் கவிதை துயரமாக ஒலிக்காமல் படைநடைப் பாட்டைப் போல முழங்குகிறதே, எதுகையை நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். 'இனிப் போர் வேண்டாம்' என்ற அடி நான்கு கண்ணிகளிலும் மாறாமல் திரும்புவதால்தான் அப்படி முழங்குகிறது. எதுகையை நீக்க வேண்டியதில்லை. திரும்பி வரும் அடியில் ஒரு சொல்லையாவது மாற்றுங்கள்.

புறநானூற்றின் 112ஆம் பாடலைப் பாருங்கள். மூவேந்தரிடம் தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிர் 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்' என்று தொடங்கி, 'இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்' என்று திரும்பும்போது, எதுகை அப்படியே நிற்க அகரம் மட்டும் இகரமாகிறது. அந்த ஓரெழுத்து மாற்றத்துக்குள் தந்தையும் குன்றும் பறிபோய்விடுகின்றன. வேந்தரின் வெற்றி முரசைச் சொல்லும் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, மற்ற அடிகளில் நான்கு சீர் இருக்க, மூன்று சீரோடு நின்றுவிடுகிறது. அது நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையின் இலக்கணம்தான் என்றாலும், வாய்விட்டுப் படிக்கும் ஒவ்வொரு முறையும் முரசு பாதியில் அடங்குவதாகவே எனக்குக் கேட்கிறது.

உங்கள் கவிதையைக் காலால் தாளம் தட்டிக்கொண்டே உரக்கப் படியுங்கள். எங்குமே கால் தடுமாறவில்லையென்றால், இறப்பைச் சொல்லும் அடியில் ஒரு சீரைக் குறைத்துவிட்டு மறுபடியும் படியுங்கள்.

பலர் கூடிப் பாடுவதற்கென்று எழுதியிருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். கூட்டுக் குரலுக்குச் சீரான தாளமும் மாறாத பல்லவியும் தேவைப்படும்.