காணிக்கைப் பை யார் கையில்?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் எங்கள் சபைக்கு ஞாயிறுதோறும் 70 பேர் வருகிறோம். தென் கொரியாவின் சியோலில் பால் யாங்கி சோ என்ற பாஸ்டர், வீடுகளில் கூடும் சிறு ஜெபக் குழுக்களை வைத்தே உலகத்தின் மிகப் பெரிய சபையை உண்டாக்கினார் என்று சொல்லி, எங்கள் பாஸ்டரும் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் அதே மாதிரி செல் குரூப் தொடங்கியிருக்கிறார். 500 பேருக்கு ஹால் கட்ட வேண்டும் என்கிறார். இங்கே அது நடக்குமா? ஹால் முதலா, குழு முதலா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஹால் இப்போது வேண்டாம். சரிவில் மண் வெட்டி, தடுப்புச்சுவர் எழுப்பி, கலெக்டர் அனுமதி வாங்கி முடித்தாலும் ஜீப்பையும் வேனையும் எங்கே நிறுத்துவீர்கள்? இடம் போதாவிட்டால் ஞாயிறு இரண்டு ஆராதனை வையுங்கள்.

சோ 1958இல் கூடாரத்தில் தொடங்கியவர். 1964இல் உடல் தளர்ந்து விழுந்த பிறகுதான் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார். அதைச் சுமந்தவர்கள் பெண்கள். இதையும் உங்கள் பாஸ்டர் சொன்னாரா? கொழுந்து எடை போட்டு, தண்ணீர் பிடித்து, உலை வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு ஏழரை மணிக்கு முன் குழு வைக்காதீர்கள். டீ மட்டும் போதும். ஒரு வீட்டில் சாப்பாடு போட்டுவிட்டால் அடுத்த வீட்டுக்காரி கூப்பிடக் கூச்சப்படுவாள். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் குழுவைப் பிரிக்கலாம், ஆனால் இரண்டாவது தலைவி தயாராக இருந்தால்தான். இல்லாவிட்டால் இரண்டு குழுவும் கரைந்துபோகும்.

இன்னொன்று. சியோல், நாட்டுப்புற ஜனம் வேலை தேடி வந்து குவிந்த நகரம். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போகிறார்கள். திடீரென்று ஐம்பது பேர் கூடினால் பெரும்பாலும் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயிலில் ஐம்பது இடம் காலியாகியிருக்கும். அதை எழுப்புதல், புதிதாக ஜனங்கள் விசுவாசத்துக்கு வந்தார்கள் என்று சாட்சி சொல்லாதீர்கள்.

போகட்டும். நீங்கள் கேட்காததை நான் கேட்கிறேன்: காணிக்கையை யார் எண்ணுகிறார்கள்?

அதே சோ, தன் மகன் வைத்திருந்த பங்குகளை அதிக விலைக்குச் சபையை வாங்கவைத்து ஏறக்குறைய 1,300 கோடி கொரிய வொன் நஷ்டம் உண்டாக்கினார் என்று 2014இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. பாஸ்டரைத் தட்டிக்கேட்க வேண்டிய மூப்பர்கள் இல்லாத சபையா அது? அமெரிக்காவில் சியாட்டிலின் மார்ஸ் ஹில் சபையிலும் மூப்பர்கள் இருந்தார்கள். 2007இல் விதிகளை மாற்றி அதிகாரத்தை ஒரு சிலர் கையில் கொண்டுவந்தபோது எதிர்த்த இருவரை வெளியே அனுப்பினார்கள். ஏழே வருடத்தில் தலைவர் மார்க் டிரிஸ்கால் ராஜினாமா செய்தார், சபையே கலைந்தது. “வேண்டாம் பாஸ்டர்” என்று சொல்ல ஆள் இல்லாமல் போவது 70 பேர் சபையிலேயே ஆரம்பித்துவிடும், காணிக்கைப் பையில்.

ஆராதனை முடிந்த உடனே, அங்கேயே எண்ணுங்கள். எண்ணுகிறவர்கள் இரண்டு பேர். ஒரே குடும்பமாகவும் இருக்கக்கூடாது, பாஸ்டர் வீட்டாராகவும் இருக்கக்கூடாது. மாதம் ஒருமுறை ஆளை மாற்றுங்கள். 500 எத்தனை, 100 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று பேனாவில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு போடும் தசமபாகக் கவரைப் பிரித்ததும் தொகையை அதன் மேலேயே குறியுங்கள். திங்கட்கிழமை முழுத் தொகையும் பேங்குக்குப் போக வேண்டும்.

முழுத் தொகை என்றால் முழுத் தொகை. “ஸ்பீக்கர் வாடகை 800, பையிலிருந்தே கொடுத்துவிட்டோம்” என்ற இடத்தில்தான் எல்லாம் கெடுகிறது. வரவு எவ்வளவு என்பது அந்த நிமிடமே தொலைந்துபோகும். பிறகு ஆடிட்டரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சில்லறைச் செலவுக்குப் பேங்கிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். செக்கில் இரண்டு கையெழுத்து. கட்டட நிதிக்குத் தனிக் கணக்கு. சுவரில் ஒட்டிய க்யூஆர் கோடு சபை டிரஸ்ட் கணக்குக்குப் போகிறதா, பாஸ்டர் மனைவி போனுக்குப் போகிறதா என்று பத்து ரூபாய் போட்டுப் பாருங்கள், பெயர் தெரிந்துவிடும்.

இதைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது அதட்டினால் பைபிளில் இரண்டாம் கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை வாசிக்கக் கொடுங்கள். தர்மப்பண விஷயத்தில் ஒருவரும் குற்றம் சொல்லக்கூடாது என்றுதான் பவுல் தீத்துவோடு வேறு சகோதரர்களையும் சேர்த்து அனுப்புகிறார். பவுலுக்கே தேவைப்பட்டது உங்கள் பாஸ்டருக்குத் தேவையில்லையா?

அவர் நல்லவராகவே இருக்கலாம், தம்பி. அப்படியானால் இந்த ஏற்பாடு முதலில் காப்பாற்றுவது அவரைத்தான். பொருளாளரிடம் போன மாத பாஸ்புக்கைக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.