11 பேருக்கு எத்தனை அறைகள்? – கப்பல் பயணம் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவின் 70ஆவது பிறந்தநாளையொட்டி, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் மூன்று இரவுச் சொகுசுக் கப்பல் பயணமொன்றுக்குக் குடும்பமாகச் செல்ல விரும்புகிறோம். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான மாமி, நான், என் கணவர், எங்கள் மகன் (13), மகள் (9), என் தங்கை, அவளது கணவர், அவர்களின் எட்டு மாதக் குழந்தை, திருமணமாகாத தம்பி என மொத்தம் 11 பேர். நால்வர் படுக்கக்கூடிய மூன்று அறைகள் போதும், அதுவே மலிவு என்கிறார் பயண முகவர். எல்லாமே பல்கனி உள்ள அறைகளாக இருக்க வேண்டும் என்கிறான் தம்பி. அம்மா 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் நாவலடியில் தன் கூடப்பிறந்தவர்களை இழந்தவர். வரச் சம்மதித்திருக்கிறார், ஆனால் கடலைப் பார்த்தபடி உறங்க மாட்டேன் என்கிறார். எந்த அறைகளை எடுப்பது?
– ஒரு வாசகி, கல்லடி

பதில்: முகவர் 11ஐ நான்கு நான்காகப் பிரித்து மூன்று அறைகள் என்கிறார். உங்கள் கடிதத்தில் உள்ளவர்களோ அப்படிப் பிரியக்கூடியவர்கள் அல்லர். இரண்டு இளம் தம்பதியரும் கைக்குழந்தையும் மாமியும் தம்பியும் இருக்கும் குடும்பத்தை நால்வர் நால்வராக எப்படிப் பிரித்தாலும், மாமியார் படுத்திருக்கும் அறையில் மருமகனும் படுக்க வேண்டி வரும், அல்லது யாரோ ஒருவர் மூன்று நாளும் குளியலறைக்குள் நின்றே உடை மாற்ற வேண்டி வரும். ஆகவே விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னர், யார் யாருடன் ஓர் அறையில் கூச்சமின்றி உறங்கலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிப் பார்த்ததில் நான்கு அறைகள் வருகின்றன: அம்மா, மாமி, உங்கள் மகள் ஓர் அறையில், அப்பா, தம்பி, உங்கள் மகன் இன்னோர் அறையில், நீங்களும் கணவரும் மூன்றாவதில், தங்கையும் அவரது கணவரும் குழந்தையும் நான்காவதில்.

நான்கு அறைகள் என்றதும் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும் என்று அஞ்ச வேண்டாம். விளம்பரங்களில் காணப்படும் விலை பெரும்பாலும் ஓர் அறைக்கு உரியது அன்று; ஓர் அறையில் இருவர் தங்கும்போது அவர்களில் ஒருவருக்கு உரியது. அதே அறையில் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் தங்குவோருக்குக் குறைந்த கட்டணம் வாங்குவார்கள். துறைமுகக் கட்டணத்தையும் பணியாளருக்கான சேவைக் கட்டணத்தையும் அறை எதுவானாலும் தலைக்கு இவ்வளவு என்றே கணக்கிடுவார்கள். பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் அது உண்டு. கணக்கு விளங்குவதற்காக நானே சில தொகைகளை எடுத்துக்கொள்கிறேன். முதல் இருவருக்கும் தலா 300 டொலர், மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் தலா 150 டொலர், மற்றைய கட்டணங்கள் தலைக்கு 120 டொலர் என்று வைத்துக்கொண்டால், மூன்று அறைகளுக்கு 3,870 டொலரும் நான்கு அறைகளுக்கு 4,170 டொலரும் ஆகும். வேறுபாடு 300 டொலர். 11 பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு 27 டொலரளவு. அந்தத் தொகைக்கு ஓர் அறை மட்டுமல்ல, இன்னொரு குளியலறையும் கிடைக்கிறது. காலையில் துறைமுகத்தில் இறங்குவதற்காக 11 பேரும் ஒரே நேரத்தில் ஆயத்தமாகும்போது அதன் அருமை தெரியும். உங்கள் முகவரிடம் அறை வாரியாக அல்லாமல், 11 பேருக்கும் எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த மொத்தத் தொகையை, மூன்று அறைக்கு ஒன்றும் நான்கு அறைக்கு ஒன்றுமாக எழுத்தில் கேளுங்கள்.

நால்வர் அறை என்பது நான்கு கட்டில்கள் போட்ட பெரிய அறை என்று நம்மவர்களில் பலர் எண்ணுகின்றனர். சாதாரண அறையொன்று குளியலறையும் சேர்த்து ஏறத்தாழ 150 சதுர அடி, அதாவது 10 அடிக்கு 15 அடி அளவில்தான் இருக்கும். கீழே இரண்டு கட்டில்கள். மற்றைய இரண்டும் இரவில் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கப்படும் மேற்படுக்கைகள், அவற்றுக்கு ஏணியில் ஏற வேண்டும். உங்கள் மகள் மகிழ்ச்சியோடு ஏறிப் படுப்பாள். மாமியை ஏறச் சொல்ல முடியாது. கீழ்க்கட்டில்கள் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கவும் பிரித்து வைக்கவும் முடியும் என்பதால், அம்மாவின் அறையிலும் அப்பாவின் அறையிலும் பிரித்து வைக்கும்படி பதிவின்போதே எழுதிக் கொடுங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதியிருப்பதை இரண்டு முறை வாசித்தேன். நம் கரையில் இந்த மனநிலையோடு வாழும் தாய்மார் எத்தனையோ பேர். அதை மாற்றுவதற்குக் கப்பல் பயணம் ஏற்ற இடமன்று. அவருக்குச் சாளரம் இல்லாத உள்ளறையையே எடுங்கள். அது கப்பலிலேயே மலிவான வகை என்பது இங்கே தற்செயலாகக் கிடைத்த நன்மை. நடைபாதையின் மறுபுறம், கதவுக்குக் கதவு நேராக, அப்பாவின் அறையை மட்டும் பல்கனியுள்ளதாக எடுங்கள். பிறந்தநாள் அவருடையதல்லவா? பகலில் குடும்பம் கூடித் தேநீர் குடிக்கும் இடமாக அந்தப் பல்கனி இருக்கட்டும். அம்மா விரும்பினால் இரண்டடி எடுத்து வைத்து அங்கே வரலாம், விரும்பாவிட்டால் தன் அறையில் கடலைக் காணாமல் இருக்கலாம். எவரும் அவரை வற்புறுத்த வேண்டாம். உங்கள் இரு தம்பதியருக்கும் உள்ளறைகளே போதும். பல்கனி அறைக்குத் தலைக்கு 150 டொலர் கூடுதல் என்று வைத்தால், முதல் இருவருக்கு 300 டொலரோடு முடிகிறது. தம்பி சொல்வதுபோல் நான்கையும் பல்கனி அறைகளாக எடுத்தால் அதுவே 1,200 டொலர். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் பல்கனிக் கம்பியருகில் நிற்கக் கூடாது.

இவ்வளவையும் செய்த பிறகு அறைகள் சிதறிப் போனால் பயனில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தில் ஒன்பது பேர் சென்றபோது, முகவர் அறை எண்களைக் கவனிக்காமல் பதிவு செய்ததால், இரண்டு அறைகள் முன்பக்கத்திலும் ஒன்று மூன்று தளங்கள் மேலே பின்பக்கத்திலுமாகக் கிடைத்தன. 300 மீற்றர் நீளமுள்ள கப்பலில், பேத்திக்குப் பால் போத்தல் கொண்டுபோவதற்காக என் மனைவி நள்ளிரவில் நடந்த நடையை இன்றும் நினைத்து வருந்துகிறேன். எனவே தளங்களின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அறை எண்களை நீங்களே தெரிவு செய்யுங்கள். இரு அறைகளுக்கு நடுவே உட்கதவு உள்ள இணைப்பறைகளும் உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு, முதலில் தீர்ந்துவிடும். உங்களுக்கு எதிரெதிர் அறைகளே போதும்.

கூடிய விரைவில் பதிவு செய்யுங்கள் என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. கப்பலின் ஒவ்வொரு பகுதியில் தங்குவோருக்கும் குறிப்பிட்ட உயிர்காப்புப் படகுகள் ஒதுக்கப்பட்டிருக்கும். அப்படகுகளின் கொள்ளளவு நிறைந்துவிட்டால், மேற்படுக்கை வெறுமையாக இருந்தாலும் மூன்றாமவரை அந்த அறையில் சேர்க்க மாட்டார்கள். உங்கள் நான்கு அறைகளில் மூன்றில் மூன்றாமவர் இருப்பதால், தாமதித்தால் ஐந்து அறைகள் எடுக்க வேண்டி வரலாம்.

கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்கின்றன. தரை தொடாமல் பல நாட்கள் ஓடும் பயணங்களுக்கு 12 மாதம். உங்கள் பயணம் குறுகியது, ஆகவே தடையிராது. தொட்டில் வேண்டும் என்பதையும் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். குடும்பத்தில் யாரேனும் கர்ப்பமாக இருந்தால், 24ஆவது வாரத்தை எட்டியவர்களை ஏற்பதில்லை என்ற விதி பொதுவாக எல்லா நிறுவனங்களிலும் உண்டு.

கேள்வி: வாப்பாவுக்கு முழங்கால் இயலாது, சக்கர நாற்காலி தேவைப்படும். உம்மாவுக்குக் கொழும்பு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. அவர்களோடு நாங்கள் ஆறு பேர் செல்கிறோம். மலிவு என்பதற்காகக் கீழ்த்தளத்தில் சாளரமில்லாத அறைகளை எடுத்தால் மூச்சு முட்டாதா?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மூச்சு முட்டாது. உள்ளறைகளுக்கும் குளிரூட்டிய காற்று தடையின்றி வரும். அங்கு உண்மையான குறை இருள்தான்: விளக்கை அணைத்தால் இரவா பகலா என்று தெரியாது. சுபஹுத் தொழுகைக்கு எழுவோர் கைப்பேசியில் நேரம் வைத்துப் படுக்க வேண்டும். கப்பலின் முன்புறக் காட்சியை அறைத் தொலைக்காட்சியில் காட்டும் அலைவரிசை பல கப்பல்களில் உண்டு. அதை ஒலியின்றி ஓடவிட்டால் விடிவது தெரியும்.

உம்மாவைப் பொறுத்தவரை விலை குறைந்த கீழ்த்தளமே மிக நல்லது. தோணியின் நடுவில் இருப்பவரைவிட அணியத்தில், அதாவது முன்முனையில், இருப்பவரையே அலை அதிகம் தூக்கிப் போடும் என்பதை உங்கள் ஊரில் கடற்றொழில் செய்வோர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கப்பலுக்கும் அதே நியாயம்தான். நீளவாக்கில் நடுப்பகுதியில், உயரவாக்கில் கீழே, ஆட்டம் மிகக் குறைவு. உயர்ந்த தளத்துப் பல்கனி அறைக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பவர் கூடுதலான ஆட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார். வரைபடத்தில் மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் பாருங்கள்: மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள அறை அமைதியானது, நீச்சல் குளத்துக்கோ உணவு மண்டபத்துக்கோ நேர் கீழே உள்ள அறையில் அதிகாலையிலேயே நாற்காலி இழுபடும் ஓசை கேட்கும். சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்குப் பக்கம் செல்லும் பயணம், சுமாத்திராவும் மலாய்த் தீபகற்பமும் இருபுறமும் அணைத்து நிற்பதால், பொதுவாக அமைதியானது. தென்சீனக் கடல் பக்கம் செல்வதை நவம்பர் முதல் பெப்ரவரி வரை தவிர்த்துவிடுங்கள்.

வாப்பாவுக்குச் சாதாரண அறை பொருந்தாது. குளியலறை வாசலில் ஒரு படி உயரத்துக்குத் தடுப்பு இருக்கும், கதவும் குறுகியது. சக்கர நாற்காலி நுழையக்கூடிய அகன்ற கதவும், படியில்லாத குளியலறையும் உள்ள சில அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் ஒதுக்கப்பட்டுள்ளன. உள்ளறை வகையிலும் அவை உண்டு, அவற்றுக்கு அந்த வகையின் சாதாரண விலைதான். எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் முதலில் அந்த அறையைப் பதிவு செய்து, அதைச் சுற்றியே மற்றவர்களின் அறைகளைத் தேடுங்கள். உணவைப் பற்றியும் ஒரு சொல்: சிங்கப்பூரிலிருந்து செல்லும் ஜென்டிங் ட்ரீம் கப்பலில் ஹலால் உணவுக்கும் சைவ உணவுக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. வேறு கப்பலாயின் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அறை எண்ணை நிறுவனமே பின்னர் தெரிவு செய்யும் என்ற நிபந்தனையோடு மலிவாகத் தருகிறார்கள். எடுக்கலாமா?
– ஒரு வாசகர், ஆரையம்பதி

பதில்: தம்பதியராக இருவர் சென்றால் தயங்காமல் எடுக்கலாம், சில வேளை கட்டிய பணத்துக்கு மேலான அறையே கிடைப்பதும் உண்டு. பிள்ளைகளோடும் முதியவர்களோடும் பல அறைகள் எடுப்போர் எடுக்கக் கூடாது. அறைகளை அருகருகே தருவதாக அந்த விலையில் எவரும் உறுதியளிப்பதில்லை. பெரிய குடும்பத்துக்கு மலிவு வேண்டுமாயின், உயிர்காப்புப் படகு மறைத்து நிற்கும் சாளரமுள்ள அறைகளைப் பாருங்கள். கடல் சரிவரத் தெரியாது, வெளிச்சம் வரும், விலை குறைவு. குறைந்தது எட்டு அறைகள் அளவுக்குச் சேர்வீர்களாயின் பல நிறுவனங்கள் அதைக் குழுப் பதிவாக ஏற்றுச் சலுகை தருகின்றன. சகோதரர் குடும்பங்கள் தனித்தனியாகப் பதிவு செய்வதற்கு முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: திருகோணமலைக்கே சொகுசுக் கப்பல் வந்ததாக அறிந்தோம். அவ்வளவு தூரம் சிங்கப்பூர் போகாமல் அதில் செல்ல முடியாதா? நாங்கள் ஒன்பது பேர்.
– ஒரு வாசகி, திருக்கோவில்

பதில்: 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களுக்கு வந்து செல்லத் தொடங்கியது. அது சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்கும் பயணிகளுக்காக அமைந்த பயணம். அதுபோன்ற பயணத்தில் சேர விரும்பினால் நீங்கள் இந்தியா சென்றே ஏற வேண்டும். அப்போது கப்பல் இந்தியாவை விட்டு வெளியேறி மீண்டும் நுழையும் என்பதால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் இந்திய விசா போதாது. சிங்கப்பூருக்கு இலங்கையர் குறுகிய காலப் பயணத்துக்கு விசா பெறத் தேவையில்லை. ஆனால் கப்பல் தொடும் மற்றைய நாடுகளின் விதியை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருப்பவரிடமும் சில நிறுவனங்கள் விசாவைக் கேட்பதுண்டு.

அறைகளைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். எம்பிரஸ் 1990இல் கட்டப்பட்ட கப்பல். அக்காலத்துக் கப்பல்களின் அறைகள் இன்றையவற்றைவிடச் சிறியவை. அப்படிப்பட்ட கப்பலில் ஒன்பது பேருக்கு மூன்று அறைகள் என்று எடுக்காமல் நான்காக எடுங்கள். எந்த அறையிலும் பிள்ளைகள் மட்டும் தனியே இருப்பதாகப் பதிவில் காட்டாமல், ஒவ்வொன்றிலும் வயது வந்த ஒருவரின் பெயரைச் சேருங்கள். ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் கேட்டு, தாயும் தந்தையும் ஓரறையிலும் பிள்ளைகள் எதிரறையிலுமாகத் திறப்புகளை மாற்றி வாங்கிக்கொள்ளலாம்.